குழாய் என்று நீங்கள் சொன்ன சத்தம்

அக்கா,

போன கிழமை எங்கள் கட்டடத்தின் நிலவறையில் பூட்டிக் கிடந்த சாமான் அறையைத் திறந்தேன். சூட்கேசுகளுக்கும் மகளின் பழைய சைக்கிளுக்கும் பின்னால் அந்த நீளப் பை சாய்ந்து நின்றது. சிப்பை இழுத்ததும் துருவும் கடலுப்பும் பழைய இறப்பரும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்றுகொண்டு, "மெதுவா எடும்மா, வயர் அறுந்துடப் போவுது" என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள் போல இருந்தது. ஒருவரும் இல்லை. நிலவறை விளக்குத்தான் தானாக அணைந்தது.

பைக்குள் இருந்தது என் மெசின். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைச் சத்தம் போட்டுக் காட்டுகிற அந்தத் தடியை நான் தொட்டு வருடங்களாகிவிட்டன. பற்றரியைக் கழற்றாமலே வைத்திருக்கிறேன். அது கசிந்து பச்சைத் தூளாகப் பூத்து, உள்ளே இருந்த தகடுகளை அரித்துவிட்டது. சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். ஒரு முனகல் கூட இல்லை.

திரும்ப ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். இரத்தத்தில் சீனி கூடிவிட்டது. டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்து லா கூர்னெவ் பூங்காவில் நடந்து பார்த்தேன். மற்றவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள், குளத்தைப் பார்க்கிறார்கள். என் கண் மட்டும் நிலத்தை விட்டு எழும்பவில்லை. புல்லுக்குள் ஏதாவது மின்னினால் கால் தானாக நின்றுவிடுகிறது. கையில் ஒன்றுமில்லாமல் நடக்கிறவளாக நான் இனி ஆக மாட்டேன் என்று அப்போது விளங்கியது.

ஆகவே புது மெசின் ஒன்று தெரிந்தெடுக்க வேண்டும். மகள் தன் போனில் தேடித் தந்தாள். பிரெஞ்சில் படித்துப் படித்துச் சொன்னாள். ஒன்றுக்கு எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்றாள். எல்லாரும் ஒரேமாதிரிப் புகழ்ந்தால் எழுதியது ஒரே ஆளாகத்தான் இருக்கும் என்றேன். அவள் போனை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, நீங்க அந்தப் பாண்டிச்சேரி ஆன்ட்டி மாதிரியே கதைக்கிறீங்க" என்றாள்.

நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. இந்த வீட்டில் உங்களைப் பற்றி யாரும் வாய் திறந்தது அன்றுதான்.

உங்களை நான் முதல் கண்டது நோர்மண்டிக் கடற்கரையில். நம் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் நான் காசாளராக இருக்கும் பலசரக்குக் கடையின் முதலாளி கோடைக்கு ஒரு பஸ் பிடித்து எல்லாரையும் கடலுக்குக் கூட்டிப் போயிருந்தார். மகள் அப்போது சின்னப் பிள்ளை. கடல் வற்றிக் கிடந்தது. ஈர மணலில் தொப்பி போட்ட ஒரு பெண் காதை மூடிக்கொண்டு, நீளத் தடி ஒன்றை இடமும் வலமும் ஆட்டியபடி அடி அடியாக வந்துகொண்டிருந்தார். என் கால் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் இப்படி ஒரு தடியை ஆட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு நாடா கட்டியிருக்கும். நாடாவுக்கு அப்பால் ஆடு மாடு கூடப் போக விடமாட்டோம்.

"அங்கை கால் வையாதை!" என்று கத்தி மகளின் கையைப் பிடித்து இழுத்தேன்.

நீங்கள் ஹெட்போனைக் கழற்றினீர்கள். "ஏம்மா புள்ளையப் போட்டு இப்படி இழுக்கிற?"

"இஞ்சை வெடி கிடக்கோ?"

"வெடியா?" என்று சிரிக்கப் போன நீங்கள் என் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. "இல்லம்மா. யாராவது தொலைச்ச மோதிரம் கிடக்கும், காசு கிடக்கும். வா, நீயே கேட்டுப் பாரு."

ஹெட்போனை என் காதில் வைத்தீர்கள். தடியை ஓரிடத்தில் ஆட்டியபோது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. நீங்கள் குனிந்து தோண்டினீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது உங்கள் உள்ளங்கையில் ஒரு சோடாப் போத்தல் மூடி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒன்றும் வெடிக்கவில்லை. அந்தப் பொழுதுபோக்கில் நான் விழுந்தது மோதிரத்துக்காக இல்லை. அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, திரும்பத் திரும்பத் தோண்டி, ஒன்றும் வெடிக்காமல் வீட்டுக்கு வருவதற்காகத்தான். இதை நான் உங்களிடம் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்களைப் போலச் சந்தேகக்காரியை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. பிரெஃபெக்சர் என்கிற அரசாங்கக் கந்தோரில், வெளிநாட்டவர் விசாப் பத்திரங்கள் கொண்டுவரும் கவுண்டரில் ஓய்வுபெறும்வரை இருந்தவர் நீங்கள். "கவுண்டர்ல உக்காந்தவளுக்கு எல்லா ஒரிஜினலும் மொதல்ல நகல்தான்" என்பீர்கள். மெசினையும் நம்ப மாட்டீர்கள். திரையில் வரும் எண்ணைக் காட்டி, "தங்க மோதிரத்துக்கும் இதே நம்பர், சோடா டப்பா வளையத்துக்கும் இதே நம்பர். இது சொல்றத நம்பி எவனாவது கல்யாணம் பண்ணுவானா?" என்பீர்கள். வடக்குப் பக்கத்து வயல்களுக்கு வாருங்கள், பழைய போர்ச் சாமான் நிறையக் கிடைக்கும் என்று யாரோ கூப்பிட்டபோது உடனே மறுத்தீர்கள். அங்கே வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன என்று அவரிடம் சொன்னீர்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏன் என்று கேட்கவும் இல்லை.

கடலும், தெரிந்தவர்கள் கூப்பிட்டால் அவர்களின் வீட்டுத் தோட்டமும் மட்டுமே நம் எல்லை. தொலைத்த சாமானைத் தேடித் தருகிற இரண்டு பெண்கள் என்று லா சப்பலில் மெல்லப் பெயர் பரவியது. அப்படித்தான் நகரத்துக்கு வெளியே பொண்டி என்கிற இடத்தில் வீடு வைத்திருந்தவர் நம்மைக் கூப்பிட்டார்.

பொண்டி என்று எழுதுகிறேன். பொண்டியாக இல்லாமலும் இருக்கலாம். அவருடைய மனைவியை ரஜனி என்று சொல்லப்போகிறேன். அதுவும் அவளுடைய பெயரில்லை. ஏன் இப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த மடல் யார் கண்ணில் படும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் என் கணவருக்கு நல்ல பழக்கம். கோயில் திருவிழாவில் இருவரும் சேர்ந்துதான் அன்னதானச் சமையலுக்கு நிற்பார்கள். கடைக்கு வந்தால் என்னை "தங்கச்சி" என்பார். அன்று காசு கொடுக்கும் இடத்தில் நின்று, "தங்கச்சி, மனுசியின்ரை தாலிக்கொடி தோட்டத்திலை விழுந்திட்டுது. புல்லுப் பிடுங்கேக்கை கழண்டு போச்சு. ஒருக்கா அந்த மெசினைக் கொண்டு வாங்கோவன்" என்றார். எனக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

உங்களுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. இன்று யோசித்தால் நீங்கள் பார்த்ததையெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்ததாக மனதில் பதியவில்லை. கதவடியில் ஆம்பிளைச் சப்பாத்துகள் மட்டும் இருந்தன. கொடியில் காய்ந்தவை எல்லாம் ஆம்பிளைச் சட்டைகள். "உங்க வைஃப் எங்க தம்பி? சங்கிலி எந்த எடத்துல விழுந்துச்சுன்னு அவங்களையே கேட்டுடலாமே" என்றீர்கள்.

"அவ கடைக்குப் போட்டா. நீங்கள் தேடுங்கோ."

"எப்ப வருவாங்க?"

"வருவா, வருவா."

தேடத் தொடங்கினோம். அவர் நம் கூடவே நடந்தார். சங்கிலி தொலைத்தவர்கள் நிலத்தைப் பார்ப்பார்கள். அவரோ உங்கள் மெசினின் திரையையே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பெரிசா ஏதும் கேட்டாலும் சொல்லுங்கோ. தகரப் பேணி, பெட்டி மாதிரி ஏதும்..." என்றார்.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அதற்குப் பிறகு உங்கள் நடை மாறிவிட்டது. மெல்ல நடந்தீர்கள், அடிக்கடி நின்று முழங்காலைத் தடவினீர்கள், அவரிடம் தண்ணீர் கேட்டீர்கள். பக்கத்து வீட்டு வேலியோரம் இருந்த ரோசாப் பாத்தியில் உங்கள் தடி போனபோது நான் சற்றுத் தள்ளி நின்றேன். தடி ஓரிடத்தில் ஒரு தரம் தயங்கியது. ஒரே ஒரு தரம். பிறகு முன்னைப் போலவே நகர்ந்தது.

"என்ன கேட்டுது?" என்றார் அவர்.

"பழைய தண்ணிக் குழாய், தம்பி. இந்த வீட்டுல முன்னாடி இருந்தவங்க போட்டது."

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நீங்கள் போன இடத்தில் பின்னால் போய் நானும் ஒருதரம் கேட்டுப் பார்ப்பேன். அன்றும் போனேன். என் காதில் விழுந்தது குழாயின் சத்தமில்லை. குழாய் என்றால் கோடு பிடித்தாற்போல ஒரு திசையில் ஓட வேண்டும். இது ஓரிடத்தில், சதுரமாக, மணி அடித்தாற்போல ஒலித்தது. பெரிய தகரப் பேணி அப்படித்தான் ஒலிக்கும் என்று எனக்கு அப்போது தெரியும். நிமிர்ந்தேன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கால் வலிக்குதும்மா. கிளம்பலாம்" என்றீர்கள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "அக்கா, அது குழாய் இல்லையெல்லோ?"

"குழாய்தான்."

"நானும் கேட்டனான்."

"உன் மெசின் பழசும்மா. குழாய்ன்னா குழாய்தான்."

மெசினை நம்பாதே என்று எத்தனையோ முறை சொன்னவர் நீங்கள். காதை நம்பாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. அன்று முதல்முறையாக உங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு உங்களைச் சந்தேகித்தேன்.

அடுத்த சில நாளில் லா சப்பல் முழுக்கக் கதை வந்துவிட்டது. பொண்டிக்காரரின் மனைவி கடைக்குப் போகவில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டே போய்விட்டாள் என்றார்கள். கடைக்கு வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் அவளைத்தான் திட்டினார்கள். பிறகு என் கணவர் ஒருநாள் வேலையால் வந்து சட்டையைக் கழற்றாமலே சொன்னார்: "உம்மடை அந்தப் பாண்டிச்சேரி மனுசி என்ன ஆள்? பொண்டிக்காரரின்ரை தோட்டத்தை ஆரோ கிண்டிப் போட்டினம். அவரின்ரை தாயின்ரை நகையெல்லாம் அதுக்கை இருந்ததாம். நரைச்ச தலை, கையிலை மெசின். எதிர் வீட்டுக்காரர் கண்டவராம்."

நரைத்த தலை, கையில் மெசின். வேறு யார்?

பொண்டிக்காரர் கடைக்கும் வந்தார். தங்கச்சி என்று சொல்லவில்லை. "அந்தப் பாண்டிச்சேரி மனுசி எங்கை இருக்கிறா? விலாசத்தைச் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியாது அண்ணை. கடற்கரையிலை கண்ட பழக்கம்தான்."

தெரியும். உங்கள் வீட்டில் எத்தனை முறை மீன்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. உங்களைச் சந்தேகிக்க எனக்கு உரிமை இருந்தது. அந்த ஆளுக்கு இல்லை. இவ்வளவு நகை போனவர் ஏன் பொலிசுக்குப் போகாமல் என்னிடம் வந்து நிற்கிறார் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. நீங்களாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள்.

பிறகு நீங்கள் ஒருநாள் கடைக்கு வந்தீர்கள். பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றீர்கள். உங்கள் முறை வந்தபோது குரலைத் தாழ்த்தி, "அங்கை திரும்பிப் போனனீங்களோ, அக்கா?" என்று கேட்டேன்.

உங்கள் கண் எனக்குப் பின்னால், பக்கத்தில், வரிசையில் நின்றவர்கள் மீது ஒருமுறை ஓடித் திரும்பியது. "எங்கம்மா? நான் எங்கயும் போகலையே."

மிச்சக் காசை எடுத்து உங்கள் கையில் தராமல் தட்டில் வைத்தேன்.

அதோடு முடிந்தது. நீங்கள் ஞாயிறுகளில் போன் செய்தீர்கள். தோள் வலி என்றேன், வேலை என்றேன், மகளுக்குப் பரீட்சை என்றேன். நீங்கள் ஒன்றையும் நம்பியிருக்க மாட்டீர்கள். பிறகு போன் வருவது நின்றது. உங்களுக்கு நோய் என்று கேள்விப்பட்டபோது ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உங்கள் மகன் பக்கத்தில் இருந்தான். கடலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கதைத்தோம். நீங்கள் என் கையைப் பிடித்து, "தோள் வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டீர்கள். தேவலை என்றேன்.

உங்கள் அடக்கத்தன்று தேவாலயத்தின் கடைசி வரிசையில் ரஜனி நின்றாள். தலையைத் துணியால் மூடியிருந்தாள். ஆனால் கடையில் எத்தனையோ முறை கண்ட முகம். தாங்க முடியாமல் அழுதாள். பூசை முடியுமுன் போய்விட்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஓகோ, இரண்டு பேரும் சேர்ந்துதான் எடுத்திருக்கிறார்கள், பங்கும் பிரித்திருப்பார்கள் என்று நினைத்தேன். உங்கள் பெட்டியைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு அப்படி நினைத்தேன்.

இனி இப்போதைய கதை.

என் மெசின் செத்துப்போனதைக் கண்ட பிறகு, உங்கள் மெசின் என்ன ஆனது என்று ஒரு யோசனை வந்தது. அது நல்ல மெசின். உப்புத் தண்ணீர் ஊறிய மணலிலும் பொய்ச் சத்தம் போடாது. லியோனில் இருக்கும் உங்கள் மகனுக்கு போன் எடுத்தேன். அவன் பாதி பிரெஞ்சிலும் பாதித் தமிழிலும் சொன்னான்: "அது அம்மா உசுரோட இருக்கும்போதே ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டாங்க, ஆன்ட்டி. ரஜனின்னு ஒருத்தங்க."

நம்பரைக் கேட்டேன். தர மறுத்தான். "யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. உங்க நம்பரை அவங்களுக்கு அனுப்புறேன். வேணும்னா அவங்க கூப்பிடட்டும்." நீங்கள் வளர்த்த பிள்ளைதான்.

அவள் கூப்பிட்டாள். முதல் கேள்வியே, "அக்கா, பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?" என்றுதான். லா சப்பலுக்கு வரமாட்டேன் என்றாள். நகரத்தின் மறு அந்தத்தில், நம் ஆட்கள் யாரும் போகாத ஒரு தேத்தண்ணிக் கடையைச் சொன்னாள். கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

போகும்போது கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மெலிந்திருந்தாள், ஆனால் கண் தெளிவாக இருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. "அந்தப் பேணி ஆரின்ரை?" என்றேன்.

"என்ரை."

"அதுக்கை என்ன இருந்தது?"

"என்ரை பாஸ்போட்டும் பிள்ளையின்ரை பாஸ்போட்டும். அம்மா போட்டுவிட்ட நகையும் கொஞ்சம். அவர் எல்லாத்தையும் பூட்டி வைச்சிருந்தவர், அக்கா. திறப்பு கிடைச்ச அண்டைக்கு எடுத்துப் பிஸ்கற் பேணிக்கை வைச்சு ரோசாவுக்குக் கீழை தாட்டனான். அதை எடுத்துக்கொண்டு வெளிக்கிடத்தான் இருந்தனான். அதுக்குள்ளை தோட்டத்திலை ஏதோ தாட்டிருக்கெண்டு பிடிச்சு அவர் கை நீட்டிப் போட்டார். பக்கத்து வீட்டு மனுசி பிள்ளையையும் என்னையும் காரிலை ஏத்திக்கொண்டு போட்டா. செருப்பும் இல்லை."

பேணியின் நிறம் கேட்டேன். நீலம் என்றாள். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். முழங்கை வரை என்று கையைக் காட்டினாள். அவளை நான் விசாரிக்கிறேன் என்று அவளுக்கு விளங்கியது. கோபிக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

நீங்கள் அடுத்த நாளே தனியாகத் திரும்பிப் போயிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்கில்லை, வேலிக்கு மறுபக்கம், அவளைக் காரில் ஏற்றிப்போன அந்தப் பிரெஞ்சுக் கிழவியின் வீட்டுக்கு. அவவும் உங்களை லேசில் நம்பவில்லையாம். வாசலில் நிற்க வைத்தே கேள்வி கேட்டாவாம். நீங்கள் ரஜனியை எனக்குத் தெரியும் என்று பொய் சொல்லவில்லை. "இந்த வீட்டுப் பெண்ணின் சாமான் ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது, அவளைத் தவிர வேறு யார் கையிலும் அது போகக்கூடாது, இதை மட்டும் அவளுக்குச் சொல்லுங்கள்" என்று சொல்லி உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பிறகு அவர் வேலைக்குப் போன ஒரு பகலில், கிழவியின் வேலிப் படலையால் ரஜனியை உள்ளே கூட்டிப் போயிருக்கிறீர்கள். அதற்குள் அவர் பாத்தியை ஆழம் போகாமல் கண்டபடி கிண்டி, ரோசாக்களை இடம் மாற்றி நட்டிருந்தார். அவளுக்கே இடம் பிடிபடவில்லையாம். நீங்கள் மெசினோடு நிமிர்ந்து நின்றீர்கள். அவள் வேலி மறைவில் குந்தியிருந்து கையால் தோண்டினாள். எதிர் வீட்டுக்காரர் கண்டது நிமிர்ந்து நின்றவரை மட்டும்தான்.

"எல்லாம் இருந்ததோ?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எல்லாம் இருந்தது, அக்கா. அவ பேணியைத் தொடவே இல்லை. 'நீயே தொறம்மா' எண்டுதான் சொன்னவ."

அதன் பிறகு அவளுடைய பத்திரங்களுக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும், எந்தக் கொப்பி கேட்பார்கள் என்று பக்கத்தில் இருந்து செய்து கொடுத்திருக்கிறீர்கள். அவளைக் கடலுக்கும் கூட்டிப் போயிருக்கிறீர்கள். நான் தோள் வலி என்று சொன்ன ஞாயிறுகளில்தான். அதைக் கேட்டபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமை வந்தது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றேன். கேட்டது ரஜனியை. கேட்க வேண்டியது உங்களை.

அவள் தயங்கினாள். பிறகு உங்கள் குரலைப் போலவே சொல்ல முயன்றாள். "'அவ நல்லவ. ஆனா ஊர் முழுக்க வர்ற கடையில உக்காந்திருக்கா. அவ புருஷன் அவனுக்குக் கூட்டாளி. தெரியாத விஷயத்த அவ வாயிலேருந்து யாரும் புடுங்க முடியாது' எண்டவ. ஒருநாள், 'என்ன திருடின்னு நெனைக்கிறா, நெனைச்சுக்கட்டும்' எண்டும் சொன்னவ."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு உங்கள் மேல் கோபம், அக்கா. இன்னும் இருக்கிறது. நான் சொல்லியிருக்க மாட்டேன். விலாசம் கேட்டு வந்தபோது சொன்னேனா? ஆனால் அன்று அவர் முன்னால் நின்றபோது எனக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் என் முகம் என்ன செய்திருக்கும் என்று இன்றைக்கு யாரிடம் கேட்பது? கவுண்டரில் இருந்து முகம் பார்த்துப் பழகியவர் நீங்கள். என் முகத்தையும் பார்த்துத்தான் முடிவெடுத்திருப்பீர்கள்.

ரஜனி உங்கள் மெசினைத் திருப்பித் தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது அவளுக்கு நீங்கள் கொடுத்தது. "அப்ப வாங்கோ, உங்களுக்கு ஒண்டு பாப்பம்" என்று அங்கிருந்து தூரமில்லாத ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள்.

விற்பனைக்காரப் பொடியன் மிகவும் மரியாதையாகப் பேசினான். அதுவே எங்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை. திரையில் நிறம் நிறமாகப் படம் காட்டும் பெரிய மெசின் ஒன்றை எடுத்து வைத்தான். நிலத்துக்குள் தங்கம் இருந்தால் இது தனியாகக் காட்டும் என்றான். ரஜனி தன் பையிலிருந்து ஒரு சோடாப் பேணி வளையத்தை எடுத்து என் மோதிரத்தின் பக்கத்தில் வைத்து, எது தங்கம் என்று மெசினைக் கேட்கச் சொன்னாள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வந்தது. பொடியன் சிரித்துவிட்டான். அந்த வளையத்தை அவள் பையில் கொண்டு திரிகிறாள் என்றால் யார் பழக்கிவிட்டது என்று எனக்குத் தெரியாதா?

கடைசியில் நான் எடுத்தது நடுத்தரமான ஒன்று. ஈர உப்பு மணலில் கத்தாமல் இருக்கப் பல அலைவரிசையில் வேலை செய்வது. தலைப்பகுதி தண்ணீர் பட்டாலும் கெடாது. பாரம் குறைவு, ஏனென்றால் தோள் வலி இப்போது உண்மையாகவே வந்துவிட்டது. திரை சின்னது. சத்தம் நல்ல துப்புரவு. ஹெட்போனைப் போட்டு, கடைத் தரையில் கிடந்த ஒரு நாணயத்தின் மேல் ஆட்டிப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை.

பெட்டி பெரிது. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் ரஜனி அதைத் தூக்கிக்கொண்டு கார் து நோர் ஸ்டேசன் வரை வந்து, லா கூர்னெவ் றெயினில் என்னை ஏற்றிவிட்டுப் போனாள். லா சப்பலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்த ஸ்டேசனுக்கு அவளை வர விட்டிருக்கக்கூடாது. நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள்.

அடுத்த நாள் பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபோது என் கணவர் கேட்டார்: "நேற்றுக் கடைக்குப் போகேல்லையாம்."

"மெசின் வாங்கப் போனனான். காட்டினனான்தானே."

"தனியவோ போனனீர்?"

"ஓம், தனிய."

அவர் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "கார் து நோரிலை உம்மை ஒரு பொம்பிளையோடை கண்டதெண்டு ஒருத்தர் சொன்னவர்."

"ஆர் சொன்னது?"

"ஆராயிருந்தால் என்ன? போனனீரோ இல்லையோ?"

யார் கண்டது? எவ்வளவு தூரத்திலிருந்து? அவளுடைய முகத்தைக் கண்டதா, முதுகைக் கண்டதா? அடுப்பை நிற்பாட்டுவதுபோலத் திரும்பி நின்று, மூச்சை விட்டுவிட்டு, மறுபடி அவரைப் பார்த்தேன். என் கணவர் நல்ல மனிதர். இத்தனை வருடத்தில் என்னை ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. ஆனால் திருவிழாவுக்கு இன்னும் அந்த ஆளோடுதான் அடுப்படியில் நிற்கிறார்.

"இல்லை. ஸ்டேசனிலை ஆரோ ஒரு பிள்ளை பெட்டியைத் தூக்க உதவினது. அவ்வளவுதான்."

அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இனி கார் து நோர் பக்கம் வரவேண்டாம் என்று ரஜனிக்கு எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு அதை அழித்தேன்.

வருகிற ஞாயிறு கடலுக்குப் போகிறேன், அக்கா. இன்று காலை கணவரிடம் சொன்னேன். எந்தக் கடற்கரை என்று கேட்டார், சொன்னேன். யாரோடு என்று கேட்கவில்லை. கேட்காமல் என்னைப் பார்த்தார். புது மெசினில் பாரமே இல்லை. ஆனால் அந்தப் பார்வையையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டு போக வேண்டும். அன்று வரிசைக்கு முன்னால், மிச்சக் காசைத் தட்டில் வைத்துவிட்டு, நான் உங்களைப் பார்த்ததும் அப்படித்தான்.